ஏடும் ஊரும் – 6
மிடில் தேவாலயத்தின் இருக்கைகள்

சென்ற இதழில் 1538-ஆம் ஆண்டு உத்தரவைப் பார்த்தோம். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஞாயிறுதோறும் ஏட்டில் எழுதி வைக்கச் சொன்னார். அந்த ஏட்டை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி. ஒரு சாவி குருவானவரிடம், இன்னொன்று தேவாலய நிர்வாகிகளிடம். அப்படிப் பிழைத்த ஏடுகளை நம்பித்தான் இன்றும் ஏராளமானோர் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள்.

தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது ஆளுக்கு மூன்று வரி. பிறந்தபோது ஒன்று, மணம் முடித்தபோது ஒன்று, மண்ணுக்குள் போனபோது ஒன்று. இடையில் அந்த ஆள் எதைப் பயிரிட்டான், யாரோடு வழக்காடினான், யாரிடம் கடன்பட்டான் என்பதற்கெல்லாம் ஏட்டில் இடமில்லை. அந்த இடைவெளியை ஏறக்குறைய ஓர் ஊர் முழுவதற்கும் நிரப்பிக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பேராசிரியரும் அல்லர், பிரபுவும் அல்லர். சொந்தப் பண்ணை வைத்திருந்த விவசாயி. பெயர் ரிச்சர்ட் காஃப். அவருடைய ஊர் மிடில்.

மிடில், இங்கிலாந்தின் மேற்கு எல்லையில் வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. ஷ்ரூஸ்பரி நகரிலிருந்து வடக்கே சுமார் 8 மைல். ஒரு காலத்தில் காடும் ஏரியும் சதுப்புமாக இருந்த பகுதி. காட்டை வெட்டித் திருத்தி, நீரை வடித்து, மேய்ச்சல் நிலமாக்கி, மாடு வளர்த்துப் பிழைத்த ஜனங்கள். மிடில், மார்ட்டன், நியூட்டன், பால்டர்டன், ஹூல்ஸ்டன் என்று சிறு சிறு குடியிருப்புகள் சேர்ந்தது அந்தப் பங்கு. ஆங்கிலேயக் கிராமத்தானுக்குப் பங்கு என்பது வழிபாட்டு எல்லை மட்டுமல்ல. வரி வசூல், சாலை மராமத்து, ஏழைகளுக்குப் படியளப்பது எல்லாமே அதன் பொறுப்பு. பங்கு செலவு செய்தது. செலவு செய்ததால் கணக்கு எழுதியது. சாதாரண ஜனங்களின் பெயர்கள் இவ்வளவு தங்கியதற்கு அந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

காஃப் 1635-இல் நியூட்டனில் பிறந்தார். இளமையில் உள்ளூர் நீதிபதியாக இருந்த ராபர்ட் கார்பெட் என்பவரிடம் எழுத்தராக வேலை பார்த்தார். பத்திரங்களைப் படிக்கவும் வழக்கின் உள்விவகாரத்தைப் புரிந்துகொள்ளவும் அங்கே பழகினார். லத்தீனும் தெரியும். பிறகு தன் பண்ணைக்கே திரும்பி, அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்து, 1723-இல் இறந்தார். 1700-இல், அறுபது வயதைத் தாண்டியபின், தன் பங்கின் பழங்கதைகளை எழுத ஆரம்பித்தார். கோட்டை, எல்லை, குருமார் பட்டியல் என்று அந்தக் காலத்துப் படித்தவர்கள் எழுதுகிற வகையிலேதான் அதுவும் இருந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு வேறொரு யோசனை வந்தது. தேவாலயத்தின் தரைப்படத்தை வரைந்தார். எந்த இருக்கை எங்கே, அது எந்த வீட்டுக்கு உரியது என்று குறித்தார். பிறகு ஒவ்வோர் இருக்கையாக எடுத்து, அதில் உட்கார்ந்த குடும்பங்களின் கதையைத் தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொண்டே போனார்.

முதல் மரியாதை

தேவாலயத்தில் எங்கே உட்காருவது என்பது அன்று சின்ன விஷயம் இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று எழும் சண்டையை நினைத்துக்கொண்டால் போதும். பெரிய பண்ணைக்காரர்கள் முன்னால், நடுத்தர விவசாயிகள் நடுவில், குடிசைவாசிகள் பின்னால். அடைப்பு வைத்த மர இருக்கையில் யார் யாருக்கு முன்னால் நுழைவது என்பதில் தகராறு மூண்டு, நிர்வாகிகள் முன்னிலையில் பஞ்சாயத்து நடக்கும்.

அந்தப் பஞ்சாயத்துகளுக்குக் காஃப் ஒரு விதியைச் சொல்கிறார். இருக்கை ஆளுக்குச் சொந்தமில்லை, நிலத்துக்கும் சொந்தமில்லை; வீட்டுக்குச் சொந்தம். ஒருவன் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபோனால், பழைய இருக்கையை விட்டுவிட்டுப் புது வீட்டின் இருக்கைக்குப் போக வேண்டும். வீட்டை வைத்துக்கொண்டு நிலத்தை விற்றால், இருக்கை வீட்டோடு நிற்கும்.

இந்த விதிதான் அவர் நூலுக்கு முதுகெலும்பு. ஒரு வம்சத்தைப் பற்றிக்கொண்டு எழுதியிருந்தால், அந்த வம்சம் ஊரை விட்டுப் போனதும் கதை அறுந்திருக்கும். அவர் வீட்டைப் பற்றிக்கொண்டார். ஒரு குடும்பம் நொடித்துப் போகிறது, அதே இருக்கையில் அடுத்த குடும்பம் வந்து உட்காருகிறது, கதை தொடர்கிறது. பெண் கொடுத்த வழியில் வந்த மருமகன், கடனுக்கு ஈடாகப் பண்ணையை எடுத்துக்கொண்டவன், குத்தகைக்கு வந்தவன் என்று எல்லோரும் ஒரே பலகை மேல் வரிசையாக வந்து போகிறார்கள். ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் தனித்தனித் துறைகளாகப் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே, இரண்டையும் ஒன்றாக எழுதுவதற்கு இதுதான் வழி என்று அந்தப் பண்ணைக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. நான் படித்தவரையில் இதைவிடச் சிறந்த வழியை வேறு யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலேயக் கிராமத்தில் பெயர்ப் பஞ்சம் அதிகம். ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட் என்று நாலைந்து பெயர்களையே மாற்றி மாற்றி வைப்பார்கள். காஃபின் சொந்தக் குடும்பத்திலேயே ரிச்சர்ட் காஃப் என்ற பெயர் தலைமுறை தோறும் வருகிறது. ஏட்டில் ‘ரிச்சர்ட் காஃப் அடக்கம்’ என்று இருந்தால், பாட்டனா பேரனா என்று எப்படிச் சொல்வது? எந்த வீட்டு ரிச்சர்ட் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

இருபது பேர் போனார்கள்

இருக்கைகளில் உட்கார்ந்தவர்களில் சிலரைப் பார்ப்போம். ரீஸ் வென்லாக் என்பவன் அடுத்தவர் வேலியை உடைத்து அடுப்பெரிப்பவன். பாதிக்கப்பட்டவர் தரப்பில் வேலிக் கட்டை ஒன்றைத் துளைத்து, உள்ளே வெடிமருந்தை அடைத்து, பழையபடி வேலியிலேயே வைத்துவிட்டார்கள். கட்டை வழக்கம்போல் அடுப்புக்குப் போனது. அடுப்பின் மேற்பகுதி பறந்தது. வில்லியம் கிராஸ் குடும்பம் இன்னொரு வகை. கணவன் மனைவி இருவருமே மதுக்கடையில் குடியிருந்தார்கள். கடைசியில் பசுக்களும் அந்தக் கணக்கிலேயே கரைந்தன. காஃப் இதையெல்லாம் திட்டித் தீர்க்காமல், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுகிறார். யாருக்கும் சலுகை கிடையாது. பண்ணை மதிப்பு என்ன, எவ்வளவு கடன், யார் யாரை ஏமாற்றினார், யாருடைய மகள் யாரோடு ஓடினாள், எல்லாம் வரும்.

உள்நாட்டுப் போர் வரும்போது எழுத்தின் தொனி மாறுகிறது. 1642-இல் முதலாம் சார்லஸ் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. அந்த இலையுதிர் காலத்தில் அரசர் ஷ்ரூஸ்பரிக்கு வந்து ஆள் சேர்த்தார். 16 வயது முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் எல்லோரும் மிடில் குன்றின் மேல் கூட வேண்டும் என்று சுற்று வட்டாரத்துக்கெல்லாம் ஆணை போயிற்று. சிறுவன் காஃப் வேடிக்கை பார்க்கப் போனான். மேட்டின் உச்சியில் ஒருவர் காகிதத்தோடு நிற்கிறார். பக்கத்தில் மூன்று நான்கு ஈட்டிகள் தரையில் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. அரசருக்காகப் போர்புரிய வருகிறவனுக்கு வாரம் 14 க்ரோட், அதாவது 56 பென்ஸ் சம்பளம் என்று அவர் உரக்கச் சொல்கிறார்.

மிடில், மார்ட்டன், நியூட்டன் ஆகிய மூன்று குடியிருப்புகளிலிருந்து மட்டும் இருபது பேர் போனார்கள். பதின்மூன்று பேர் மாண்டார்கள். காஃப் அவர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறார். ஒருவன் தையற்காரன், ஒருவன் இன்னாருடைய முறை தவறிப் பிறந்த மகன், ஒருவன் போனதோடு சரி, என்ன ஆனான் என்றே தெரியாது. மூன்று சிற்றூர்களில் இத்தனை என்றால் நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று அவரே ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கிறார். எங்கோ விழுந்து அங்கேயே புதைக்கப்பட்டவனுக்குச் சொந்த ஊர் அடக்க ஏட்டில் வரி விழாது. பதிவேட்டை மட்டும் புரட்டுகிற ஒருவர், அந்த வாலிபன் பிழைப்புத் தேடி லண்டன் போய்விட்டான் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

போர் ஊருக்குள்ளேயும் வந்தது. அரசர் தரப்புப் படை ஒன்று ஷ்ராவர்டைன் கோட்டையில் இருந்தது. நாடாளுமன்றப் படை வெம் நகரில். இரண்டுக்கும் நடுவில் மிடில். ஷ்ராவர்டைன் படையின் அதிகாரி காலின்ஸ், ஆலன் சாலனர் என்ற கொல்லரின் பட்டறையில் குதிரைக்கு லாடம் அடிக்க நின்றிருந்த சமயம், வெம் வீரர்கள் வந்து பாய்ந்தார்கள். குண்டு உடலைத் துளைத்தது. கொல்லன் வீட்டு வாசலிலேயே விழுந்தவன், படுக்கக் கொஞ்சம் மெத்தை போடுங்கள் என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்காரி மார்கரெட், மெத்தை எங்கே இருக்கிறது, நேற்றுத்தானே நீயே வந்து எடுத்துக்கொண்டு போனாய் என்று சொல்லியிருக்கிறாள். கடைசியில் எப்படியோ ஒரு படுக்கை கிடைத்தது. பெரியவர் ஒருவரோடு உள்ளே போய்ப் பார்த்த சிறுவன் காஃபுக்கு, தரையெல்லாம் ரத்தம் ஓடியது முதுமை வரை மறக்கவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதிய தளபதிகளும் பாதிரியார்களும் பலர். கொல்லன் மனைவிக்கு அந்தப் போர் என்னவாக இருந்தது என்பதை இந்த மெத்தைக் கதையைப் போலச் சொன்னவர்கள் அதிகம் இல்லை.

கேட்டதும் கண்டதும்

இவ்வளவும் உண்மைதானா என்ற கேள்வி எழுவது நியாயம். கிழவர் ஒருவர் நினைவிலிருந்து எழுதியது. ஊர்வாயில் கேட்டதையும் சேர்த்துக்கொண்டது. நாக்கின் என்ற ஊரின் தாமஸ் எல்க்ஸ் கதையைப் பாருங்கள். சொத்துக்காக அண்ணன் பிள்ளையை வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டு லண்டன் பக்கம் ஓடினான். இரண்டு அண்டங்காக்கைகள் அவனை விடாமல் தொடர்ந்தன. வைக்கோற்போரில் ஒளிந்தபோது அவை போரைக் கொத்திக் கத்திக் காட்டிக்கொடுத்தன. கொலையும் தூக்கும் நடந்திருக்கலாம். காக்கைகள், ஊர் சேர்த்த நீதி. மிடில் கோட்டையில் கடைசியாக இருந்த ஹம்ஃப்ரி கினஸ்டன் கதையும் அப்படித்தான். 1491-இல் சட்டத்துக்குப் புறம்பானவனாக அறிவிக்கப்பட்டவன் அவன் என்பது வரலாறு. அவன் குதிரை செவர்ன் ஆற்றையே ஒரே தாவலில் தாண்டியது என்பது கதை.

சொந்த நினைவிலும் சிறு பிசகு உண்டு. குன்றின் மேல் ஆள் சேர்த்தபோது தனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும் என்கிறார். 1635 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு, 1642 இலையுதிர் காலத்தில் எட்டு நிறையவில்லை. அந்த ஜனவரியும் ஒரு பொறி. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தின் பெரும்பகுதி எல்லாம் முந்தைய ஆண்டோடு சேரும். எனவே காஃபின் ஞானஸ்நானம் அந்தக் காலத்துக் கணக்கில் 1634. ஆண்டின் தொடக்கம் ஜனவரி 1-க்கு மாறியது 1752-இல்தான். இது தெரியாமல் தேடுகிறவர்கள், ஏப்ரலில் கல்யாணம், ‘அதே ஆண்டு’ ஜனவரியில் குழந்தை என்று பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது என்று பாட்டியின் மேல் பழி போட்டுவிடுவார்கள்.

காஃபைச் சோதித்துப் பார்க்கும் வேலையை 20-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹே செய்தார். இங்கிலாந்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்றே 1948-இல் ஒரு துறை தொடங்கிய லெஸ்டர் கல்விக்கூடத்தில் ஆய்வு செய்தவர் அவர். அந்தத் துறையை உருவாக்கியவர் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ். ஹே, காஃபின் ஒவ்வொரு குடும்பத்தையும் எடுத்து, பதிவேடு, உயில், குத்தகைப் பத்திரம், வரிப் பட்டியல் எல்லாவற்றோடும் ஒப்பிட்டார். 1974-இல் அவருடைய நூல் வெளிவந்தது. பண்ணைக் கிழவரின் நினைவு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது என்பதே அவர் கண்ட முடிவு. அங்கங்கே தேதி பிசகும். குடும்பம், உறவு, சொத்து கை மாறிய வழி ஆகியவை நிற்கும்.

ஒப்பிடக் கிடைத்த ஆவணங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்வது நல்லது. மிடிலுக்குக் கிடைத்ததுபோல் ஒரு காஃப் கிடைக்காத ஆயிரக்கணக்கான பங்குகளில் அவைதான் துணை.

முதலாவது, உயிலும் அதோடு இணைந்த சொத்துப் பட்டியலும். ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் வந்து, அறை அறையாகப் போய், இருந்த பொருளை எல்லாம் மதிப்பிட்டு எழுதுவார்கள். பசு எத்தனை, கன்று எத்தனை, பாலாடைக் கட்டி எவ்வளவு, பித்தளைப் பாத்திரம், இறகு மெத்தை, கிழிந்த துப்பட்டி வரை. மிடில் அன்று லிச்ஃபீல்டு பிஷப்பின் ஆட்சிக்குள் இருந்ததால், மிடில்காரர்களின் உயில்கள் அந்த நீதிமன்றக் கட்டுகளில் சேர்ந்தன. ஊரிலேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இரண்டாவது, குத்தகைப் பத்திரம். மிடில் பண்ணையின் பிரபு பிரிட்ஜ்வாட்டர் குடும்பம். அந்தப் பகுதியில் ‘மூன்று உயிர்க் குத்தகை’ என்று ஒரு வழக்கம். கணவன், மனைவி, மகன் என்று மூவர் பெயரைப் பத்திரத்தில் எழுதுவார்கள். மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை குத்தகை செல்லும். ஆகவே யார் உயிரோடு இருக்கிறார்கள், வயது என்ன, உடம்பு எப்படி என்பதெல்லாம் பிரபுவின் கணக்குப்பிள்ளைக்கு அவசியமான சேதி. ஒரே பத்திரத்தில் ஒரு வீடும் அதில் வாழ்ந்த குடும்பமும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன.

மூன்றாவது, வரி. 1662 முதல் 1689 வரை வீட்டில் உள்ள அடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி. எத்தனை அடுப்பு என்பதிலிருந்து வீட்டின் அளவும் வசதியும் தெரியும். ஏழை என்று விலக்குப் பெற்றவர்களின் பெயரும் பல பட்டியல்களில் இருக்கும்.

வீடில்லாதவர் கதை

வீட்டைப் பற்றிக்கொண்டு போவது நல்ல வழி என்றேன். வீடில்லாதவரை எப்படிப் பிடிப்பது? ஆண்டுக் கூலிக்கு அமர்ந்து, அடுத்த ஆண்டு வேறு பண்ணைக்குப் போன வேலைக்காரப் பையன், புறம்போக்கில் குடிசை போட்டவன், கைக்குழந்தையோடு வழியில் வந்த பெண், இவர்களுக்குத் தேவாலயத்தில் பெயர் எழுதின இருக்கை கிடையாது. காஃப் குடிசைவாசிகளையும் விடவில்லை. ‘பூதக்குழி’ என்று பெயர் பெற்ற ஒரு பாறைக் குகைக்குப் புகைபோக்கி கட்டி அதையே வீடாக்கிக் குடியிருந்தவர்களைக்கூட எழுதுகிறார். ஆனாலும் வந்து வந்து போனவர்கள் அவர் பிடிக்கு அகப்படவில்லை.

அவர்களைப் பிடித்து வைத்திருப்பது ஏழைச் சட்டம். 1601-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்குத் தானே வரி தண்டிப் படியளக்க வேண்டும். ‘தன் ஏழை’ யார் என்பதில்தான் வம்பு. 1662-இல் வந்த குடியுரிமைச் சட்டம், ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் வந்து குடியேறுகிறவனை, வந்து 40 நாளுக்குள் புகார் செய்தால் அவனுடைய பழைய பங்குக்கே திருப்பி அனுப்பலாம் என்றது. உடனே எல்லாப் பங்குகளும் ஒன்றோடொன்று வழக்குக்குப் போயின. 1697-இல், உதவி பெறுகிறவர்கள் தோளில் பங்கின் முதலெழுத்தோடு ‘பி’ என்ற எழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது.

அந்த வழக்குகளில் ஏழையை நீதிபதி முன் நிறுத்தி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், முழு ஓராண்டு இருந்தாயா, என்ன சம்பளம், எப்போது மணம் முடித்தாய், எத்தனை பிள்ளைகள்? பதிலை எழுத்தர் எழுதிக்கொள்வார். கையெழுத்துப் போடத் தெரியாத ஏழை கீழே ஒரு குறி போடுவான். ஒரு கூலிக்காரனின் முழு வாழ்க்கை ஒரு தாளில் வந்துவிடும். வசதியுள்ள விவசாயிக்கு இப்படிச் சுயசரிதை கிடைப்பது அரிது. யாரும் அவனை நிறுத்திக் கேட்கவில்லையே. முன்னோர் ஏழையாக இருந்தால் வரலாறு கிடைக்காது என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கட்டுகளை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

காஃப் இந்த விவகாரத்தில் நடுநிலையாளர் இல்லை, வரி கட்டுகிறவர். மிடில் பங்கு எந்தெந்த ஏழையைப் பற்றி எந்தெந்தப் பங்கோடு வழக்காடியது, எதில் ஜெயித்தது, எதில் தோற்றது என்று தன் நூலின் கடைசிப் பகுதியில் விலாவாரியாக எழுதுகிறார். தன் தந்தை காலத்தில் வெறும் 4 பென்ஸாக இருந்த ஏழை வரி, தன் காலத்தில் ஆண்டுக்கு ஒரு பவுண்டை நெருங்கிவிட்டது என்ற ஆதங்கம் அவருக்கு. அந்தப் பக்கங்களில் ஏழை ஒரு செலவு. இதே மனிதர்தான் போரில் மாண்ட கூலிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதியவர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கையெழுத்துப் பிரதி காஃபின் சந்ததியாரிடம் நெடுங்காலம் கிடந்தது. 1834-இல் ஒரு பகுதி அச்சேறியது, 1875-இல் முழு நூல். 1968 பதிப்புக்கு ஹாஸ்கின்ஸ் முன்னுரை எழுதினார். 1981-இல் ஹே பதிப்பித்த பெங்குவின் மலிவுப் பதிப்பு வந்தபின் மிடில் கிராமம் உலகம் அறிந்த ஊராயிற்று.

நம் காலத்திலிருந்து பின்னோக்கி அந்த இருக்கைகளை நோக்கி நடக்க விரும்புகிறவருக்குப் பாதை தெளிவாகவே இருக்கிறது. 1837 ஜூலை முதல் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு. 1851 மக்கள்தொகைக் கணக்கில் ஒவ்வொருவரும் பிறந்த பங்கின் பெயர் இருக்கும். 1841 கணக்கில் அது இல்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள், 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். 1836-இல் தசமபாகத்தைப் பணமாக மாற்றச் சட்டம் வந்தபோது வரைந்த வரைபடங்களில், ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுத்து, உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். இந்த இடத்தில் வீடு மறுபடியும் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் 1813 வரை அச்சிட்ட படிவங்களில் எழுதிய தேவாலயப் பதிவேடு. அதற்கும் முன்னால் பெரும்பாலும் வெற்றுத் தாளில் எழுதியது. 1653 முதல் 1660 வரை திருமணம் குருவானவர் கையை விட்டு நீதிபதி கைக்குப் போயிருந்ததால், அந்த ஆண்டுகளில் பல ஊர் ஏடுகள் கந்தலாகவே இருக்கும். நூறாண்டைத் தாண்டிய ஏடுகள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு வந்துவிட்டன. மிடிலின் ஏடுகளைப் பார்க்க ஷ்ரூஸ்பரிக்குப் போனால் போதும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறவர், அந்தப் பெயர் ஏட்டில் காணாமற்போகும் இடத்தில் நின்றுவிடுவார். வீட்டையும் வயலையும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு, தன் முன்னோருக்கு முன்னால் அங்கே இருந்தவர், பின்னால் வந்தவர், மகளைக் கட்டியவர், கடன் கொடுத்தவர் எல்லோரும் தெரிவார்கள். அவர்களில் ஒருவர் எழுதிய உயிலில் காணாமற்போன முன்னோர் சாட்சியாகக் கையெழுத்திட்டிருப்பார். காஃப் நமக்குக் கற்றுத்தருவது அதுதான்.

ஆனால் காஃப் ஊரில் நிலைத்து நின்றவர்களின் வரலாற்றாசிரியர். வீட்டை விட்டு, ஊரை விட்டுப் போனவர்கள் மொத்தத்தில் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அதே காலத்தில் நாட்டிங்ஹாம்ஷயரின் கிளேவொர்த் என்ற ஊரில் வில்லியம் சாம்ப்ஸன் என்ற குருவானவர் எண்ணினார். 1676-இல் தன் பங்கில் இருந்த 401 பேரையும் வீடு வீடாக எழுதினார். 12 ஆண்டு கழித்து, 1688-இல் மறுபடியும் எழுதினார். அப்போது 412 பேர். தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆட்களில் பாதிக்கு மேல் புதியவர்கள். பழையவர்களில் எத்தனை பேர் கல்லறைக்குப் போனார்கள், எத்தனை பேர் சாலை வழியே போனார்கள் என்ற கணக்கு, ஆங்கிலக் கிராமத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தையே புரட்டிப்போடும்.

(அடுத்த இதழில்: கிளேவொர்த் குருவின் இரண்டு பட்டியல்கள்)